நாலாவது துணி

பிப்ரவரி 6

அக்கா பெற்ற அருமை மகளுக்கு, மேலே விண்வெளியில் தண்ணீர்க் கலம் ஓட்டும் உன் மாமா ஆசியோடு எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் சளியும் அக்காவின் முழங்காலும் எப்படி என்று பதிலின் முதல் வரியிலேயே எழுதிவிடு. அது தெரிந்தால்தான் மற்றதைப் படிக்க எனக்கு மனசு வரும்.

பழைய போர்ப்படையின் ஆவணக் காப்பகத்தில் உனக்கு வேலை கிடைத்த செய்தி வந்த அன்று எங்கள் தளத்தில் பாதிப் பேருக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன். மீதிப் பாதி வேலைக்குப் போயிருந்தது, அதனால் தப்பித்தேன். நம் வம்சத்தில் காகிதத்தைக் கண்டு பயப்படாத முதல் ஆள் நீ. நானோ எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன், அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. மூன்றாவது தடவையும் உட்கார்ந்திருப்பேன், வாத்தியார்தான் விடவில்லை. பல வருஷம் கழித்துப் போர் வந்து, கை நடுங்காதவன் எவனாக இருந்தாலும் வா என்று பைலட் வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள்.

இங்கே பேசுகிற கருவி இல்லாமல் இல்லை. நான் 'நலமா' என்று கேட்டு நீ 'நலம்' என்று சொல்வது வந்து சேர நாற்பது நிமிஷம் ஆகும். நாற்பது நிமிஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. அதைவிடப் பதினைந்து நாளுக்கொரு தபால் கலமே மேல். எழுதுகிறபோது குறுக்கே பேச யாரும் இல்லை.

என் வேலை தெரியும் அல்லவா? பனிக்கட்டி உருக்கும் ஆலையிலிருந்து குடியிருப்புக்கு ஒரு நாளைக்கு எட்டு நடை. பார்க்கிறவனுக்கு இது தண்ணீர் லாரி. ஆனால் நான் ஒரு நாள் படுத்துவிட்டால் நாலாயிரம் பேர் குளிக்காமல் நாறுவார்கள். ஒரு ராஜாவுக்கு இதற்குமேல் என்ன அதிகாரம் வேண்டும்?

இருந்தாலும் ஜூனில் எனக்கு ஐம்பது. அதற்கப்புறம் கேப்டன் நாற்காலியை எவனும் தர மாட்டான். நானூறு பேர் போகிற புது நெடுந்தூரக் கப்பல் ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். (கதவு திறக்கத்தான் எழுந்தார் என்று என் கூட்டாளி சொல்கிறாள். அவள் குழாய் பொருத்துகிறவள், அவளுக்கென்ன தெரியும்?) அவர்கள் கேட்பது என் போர்க்காலப் பதிவின் நகல் மட்டும்தான். முக்கியமாக அந்த ஆஸ்பத்திரிக் கலம்.

தூக்கத்தில் கேட்டாலும் நீ சொல்வாய். இருபத்திரண்டு காயம்பட்ட சிப்பாய்கள், கலத்தைத் தள்ளுகிற நாலு உந்துகுழாய். ஒன்றை எதிரி சுட்டுத் தூளாக்கிவிட, மிச்சம் மூன்றை வைத்துக் கலத்தைப் பூப்போல இறக்கினேன். ஒருத்தன் மடியில் வைத்திருந்த சூப் ஒரு சொட்டு சிந்தவில்லை. அதற்குக் கொடுத்த பதக்கம்தான் அக்கா வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அந்தக் கோப்பைத் தேடி எடுத்து ஒரு நகல் அனுப்பு.

இப்படிக்கு, மூன்று குழாயில் பறந்த முதலும் கடைசியுமான ஆள்,
உன் மாமா.

மார்ச் 3

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

சளி போய்விட்டது. அம்மாவின் முழங்கால் படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது, இறங்கும்போது இல்லையாம். உங்கள் பல்வலி எப்படி என்று கேட்கச் சொன்னாள். பல்வலியைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, அதனால் நிச்சயம் வலிக்கிறது என்கிறாள்.

கோப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கலத்தின் எண்ணை வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். ஆனால் கோப்பு நான் நினைத்ததைவிடக் கனம். அதோடு வேறொருவருடைய மனுவையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். படித்துக்கொண்டிருக்கிறேன். நகலின் கீழே 'இது உண்மைப் பதிவு' என்று நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் கொஞ்சம் நாளாகும்.

போன தடவை சொன்னபோது அது சூப் இல்லை, பால்.

ஒரு சந்தேகம். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது நீங்கள் விடுப்பில் வந்து என் சடையில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிட்டீர்கள். எதிரியின் கொடியிலிருந்து கிழித்தது என்று சொன்னீர்கள். உந்துகுழாய்களுக்குச் சிவப்புத் துணியில் மூடி போடுவார்கள் என்று இந்தக் கோப்பில் பார்த்தேன். அதைப் பற்றி எழுதுங்களேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அக்கா மகள்.

மார்ச் 24

ஆவணக் காப்பக மகாராணிக்கு, மாமாவின் வாழ்த்து. என் பல் வைரம் மாதிரி இருக்கிறது. வைரத்துக்கும் வலி வரும் போலிருக்கிறது, அவ்வளவுதான். அக்காவைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறச் சொல்.

பால்தான். சூப் வேறொரு தடவை.

துணியைப் பற்றிக் கேட்டாயே, கேள். இது பள்ளிக்கூடத்தில் கிடைக்காத பாடம். கலம் நிற்கும்போது குழாய்க்குள் புழுதி போகாமல் இருக்க மெக்கானிக் நாலுக்கும் சிவப்புத் துணிமூடி போட்டுக் கட்டுவார். கிளம்பும்முன் பைலட்டே சுற்றி நடந்து நாலையும் தன் கையால் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும். அவர் நாலையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். பைலட் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எஞ்சினைத் தொடலாம். சட்டம் அது.

ஆனால் எங்கள் முகாமில் இன்னொரு வழக்கம். ஒரு துணியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனால் அது உன்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரும் என்று எங்கள் பைலட்களுக்கு ஒரு நம்பிக்கை. அதனால் மூன்றைத்தான் கொடுப்போம். மெக்கானிக் மூன்றைத் தூக்குவார், நாங்கள் பையைத் தட்டிக் காட்டுவோம். நாலாவது இங்கே இருக்கிறது என்று அர்த்தம். திரும்பி வந்ததும் கொடுத்துவிடுவோம். மேலதிகாரிக்குத் தெரியாது. தெரிந்தால் தோலை உரித்திருப்பான்.

எதற்குமே பயப்படாத என்னைப் போன்றவர்களும் செய்தோம் என்றால், கூட இருக்கிற பயந்தாங்கொள்ளிகள் மனசு நோகக் கூடாது என்றுதான்.

நான் உனக்குக் கட்டியது அந்தத் துணி இல்லை. கொடி என்றா சொன்னேன்? தளபதி அறையின் திரைச்சீலை அது. அவரே கத்தரித்து, மகளுக்குக் கொடு என்றார். எனக்கு மகள் இல்லை என்றேன். அக்கா மகளும் மகள்தான் என்றார். பெரிய மனுஷன்.

நகல் என்னாயிற்று? ஜூன் வந்துகொண்டிருக்கிறது. இப்போது கூட்டாளியை உட்காரவைத்து நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிறேன். அவள் கேள்வி கேட்பாள், நான் பதில் சொல்வேன். ஒரு பதிலாவது கேள்வியைவிட நீளம் குறைவாக இருக்கட்டும் என்கிறாள்.

இப்படிக்கு, கேப்டன் ஆகப்போகும்
உன் மாமா.

ஏப்ரல் 20

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று அம்மா சொல்கிறாள்.

கோப்போடு கட்டியிருக்கும் மனுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆஸ்பத்திரிக் கலத்தின் மெக்கானிக் எழுதியது. அப்போது அவருக்கு இருபத்து நாலு வயது, இப்போது நாற்பத்து மூன்று.

குழாயை யாரும் சுடவில்லை என்று கோப்பு சொல்கிறது. ஒரு துணிமூடி கழற்றப்படாமலே எஞ்சினை முடுக்கியதால் அது உள்ளே இழுக்கப்பட்டு எரிந்து அடைத்துக்கொண்டது. விசாரணையில் மெக்கானிக், தான் மூன்றைத்தான் தூக்கிக் காட்டியதாகவும் பைலட் பையைத் தட்டியதாகவும் சொல்லியிருக்கிறார். அப்படியொரு வழக்கமே கிடையாது என்று முகாமின் பைலட்கள் அத்தனை பேரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. கையிலிருந்த பழைய துணி ஒன்றையும் சேர்த்துக் கவனமில்லாமல் நாலாகத் தூக்கிக் காட்டினார் என்று முடிவுகட்டி, அவருடைய லைசென்ஸை ஆயுள் முழுவதற்கும் ரத்து செய்துவிட்டார்கள்.

பத்தொன்பது வருஷமாக ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறார். போர்க்காலத் தண்டனைகளை மறுபடி பார்க்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். செப்டம்பர் முப்பதோடு மனுக்களை மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் யாரும் திறக்க முடியாது. மனுவின் கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்:

'துணி அடிக்கடி காணாமல் போவதால் ஒவ்வொன்றின் மூலையிலும் அது எந்த நாள் பறப்புக்கோ அந்தத் தேதியைக் கறுப்பு நூலால் தைப்பது என் பழக்கம். சம்பவம் நடந்தது பதினெட்டாம் தேதி. அன்று பைலட் பையில் இருந்தது எந்தத் தேதித் துணி என்று யாராவது பார்த்திருந்தால் போதும். என் கை இன்னும் நடுங்கவில்லை. வேலைக்குத் திரும்ப அனுமதியுங்கள்.'

நீங்கள் எனக்குக் கட்டிய துணி அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அடுத்த மாதம் வீட்டுக்குப் போகிறேன்.

அக்கா மகள்.

மே 12

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது. அனைவரும் சுகம் என்று படித்து நிம்மதி.

பல்லைப் பிடுங்கியாயிற்று. டாக்டர் இந்த மாதிரி வேரைத் தன் ஆயுளில் பார்த்ததில்லையாம், மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். கண் பரிசோதனையும் முடிந்தது. தூரத்தில் கழுகு. கிட்டத்தில் மட்டும் எழுத்து கொஞ்சம் கலைகிறது. கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். போட்டுக்கொண்டால் பேராசிரியர் மாதிரி இருக்கிறேன் என்று ஆலையில் எல்லோரும் சொன்னார்கள். எட்டாம் வகுப்பு வாத்தியார் பார்த்தால் மயக்கம் போட்டிருப்பார்.

இங்கே போன வாரம் ஆலையில் வால்வு பழுதாகி மூன்று நாள் தண்ணீர் இல்லை. நான்தான் சரிசெய்தேன். அதாவது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஆனால் சரியான இடத்தில் பிடிக்க வேண்டுமே.

நேர்முகத் தேர்வு தள்ளிப்போய்விட்டது. பதிவு நகல் வந்தால்தான் தேதி கொடுப்பார்களாம். பாட்டில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், வேலை கிடைத்த அன்று திறக்க.

அந்த மெக்கானிக் நல்ல பிள்ளை. வேலைக்காரன். ஆனால் பத்தொன்பது வருஷம் சும்மாவா? எல்லோருக்கும் ஞாபகம் மங்கும். அவருக்கும் மங்கியிருக்கும். போர்வை மடிப்பதும் ஒன்றும் கேவலமான வேலை இல்லை.

பீரோவில் இருக்கும் அந்தத் துணி பழசு. பூச்சி பிடித்திருக்கும். அக்கா துணிமணிக்கெல்லாம் பரவிவிடும். தொடாமல் அப்படியே எடுத்து எரித்துவிடு.

மாமா.

ஜூன் 8

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். நாங்கள் நலம். உங்கள் பிறந்தநாளுக்கு எங்கள் இருவரின் வாழ்த்து.

வீட்டுக்குப் போய்வந்தேன். துணியில் பூச்சி இல்லை. அம்மா சோப்புப் போட்டுத் துவைத்து, நாலாக மடித்து வைத்திருக்கிறாள். மூலையில் கறுப்பு நூலில் பதினேழு என்று தைத்திருக்கிறது. பக்கத்தில் அந்த மாதமும் வருஷமும்.

நான் எரிக்கவில்லை.

நான் கிளம்பிய அன்றும் அம்மா பதக்கத்தைத் துடைத்தாள்.

அக்கா மகள்.

ஜூலை 30

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். மூன்று தபால் கலங்கள் வந்துபோய்விட்டன, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்து நீர் விநியோகத் துறைக்கு விசாரித்து எழுதினேன். தினமும் எட்டு நடை தவறாமல் போகிறீர்கள் என்று பதில் வந்தது. அம்மாவிடம் உங்கள் கடிதம் வந்ததென்றும் எல்லாம் சுகமென்றும் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்வது எனக்கு இவ்வளவு சுலபமாக வரும் என்று தெரியாது.

கப்பல் கம்பெனி உங்கள் நகலைக் கேட்டு இரண்டு தடவை எழுதிவிட்டது. என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை.

துணி என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் குழுவிடம் கொடுக்க எனக்கு இரண்டு மாடி ஏறினால் போதும். தினமும் படிக்கட்டுவரை போகிறேன். நீங்கள் சொல்லி நான் கொடுப்பது ஒன்று, நானாகக் கொடுப்பது வேறொன்று என்று தோன்றுகிறது. ஆனால் செப்டம்பர் இருபத்தெட்டுவரைதான் காத்திருப்பேன்.

அக்கா மகள்.

ஆகஸ்ட் 14

அன்பு மருமகளுக்கு. நலம், நலமறிய அவா. இத்தனை நாள் எழுதாததற்குக் கை சுளுக்குத்தான் காரணம்.

சரி, சொல்லிவிடுகிறேன். நீ பெரிய பெண் ஆகிவிட்டாய். அந்த நாலாவது துணியை நான் குழாயிலிருந்து கழற்றவே இல்லை. முந்தின நாள் துணி பையிலேயே தங்கிவிட்டது. திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறேன். பையைத் தட்டினேன், துணி கையில் தட்டுப்பட்டது, இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் அன்றைய நிலைமை உனக்குத் தெரியாது. வானமே தீப்பற்றி எரிந்தது. எதிரி நாலா பக்கமும் சுடுகிறான். காயம்பட்டவர்கள் அலறுகிறார்கள். சங்கு ஊதுகிறது. என் காதை உரசிக்கொண்டு ஒரு குண்டு போனது, தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த நெருப்பில் நின்று நாலா மூன்றா என்று எவன் எண்ணுவான்? நான் இருபத்திரண்டு உயிரைப் பார்ப்பேனா, ஒரு துண்டுத் துணியைப் பார்ப்பேனா?

இதை இப்படியே குழுவுக்கும் எழுதி அனுப்புகிறேன். படித்தால் அவர்களே கலங்கிப்போவார்கள். மெக்கானிக்குக்கு லைசென்ஸ் கிடைக்கும், எனக்கும் கெட்ட பேர் வராது.

மாமா.

ஆகஸ்ட் 29

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முகாமின் நாட்குறிப்பு கோப்பில் இருக்கிறது. பதினெட்டாம் தேதிப் பக்கத்தை நாலு தடவை படித்துவிட்டேன். 'காலை எட்டு மணி. வானம் தெளிவு. காற்று இல்லை. பத்து நாளாகச் சண்டை நிறுத்தம். ஆஸ்பத்திரிக் கலம் கிளம்பியது.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

காதுத் தழும்பு சின்ன வயதில் கதவில் இடித்துக்கொண்டது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

அந்த மெக்கானிக் மனுவில் எழுதியதில் ஒரு வார்த்தைகூட அதிகமில்லை மாமா. நீங்களும் அப்படி ஒரு தடவை எழுதிவிடுங்கள். உடனே போட்டால் கடைசி வாரத்துக்குள் வந்துவிடும்.

உங்கள் உடம்பு நலம் என்று நம்புகிறேன்.
அக்கா மகள்.

செப்டம்பர் 12

மருமகளுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கையும் சுளுக்கவில்லை.

சண்டை இல்லை. காற்றுகூட இல்லை. நல்ல வெயில். படுக்கைகளை ஏற்றியாகிவிட்டது. ஆட்களை எண்ணிக்கொண்டு ஒரு நர்ஸ் நின்றாள். முகாமுக்குப் புதிது. போன மாதம் புழுதிப்புயலுக்குள் ஒருத்தர் கலத்தை ஓட்டினாராமே, அது நீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நானில்லை அது. முகாமில் என் பக்கத்துப் படுக்கையில் தூங்குகிற பைலட். ஆனால் அவனைவிட நான் நன்றாகச் சொல்வேன்.

துணியைக் கழற்றிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். அவளும் கூடவே நடந்தாள். முதல் துணி, இரண்டாவது துணி. மூன்றாவதைக் கழற்றும்போது கதை சூடுபிடித்துவிட்டது. கலம் எப்படிச் சாய்ந்தது என்று காட்ட எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவள் கண் விரிந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே நாலாவது குழாயைத் தாண்டிப் போய்விட்டேன்.

மெக்கானிக் மூன்றைத் தூக்கிக் காட்டினார். 'பையில இருக்குல்ல அண்ணே?' என்று கேட்டார். சும்மா இருந்திருக்கலாம், வழக்கம்தானே. இருந்தாலும் கேட்டார். நான் பையைத் தட்டினேன். அவரைப் பார்க்கக்கூட இல்லை. கதையின் கடைசி வரியை நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று குழாயில் இறக்கினது நிஜம். அது ஒன்றுதான் நிஜம். இறங்கும்வரை வாய்விட்டு அழுதேன், அதை எந்தக் கதையிலும் சொன்னதில்லை. மடியில் பாலும் இல்லை, சூப்பும் இல்லை. ஒருத்தனுக்குக் காயம் பிரிந்து ரத்தம் கொட்டியது. பிழைத்துக்கொண்டான்.

சாயங்காலம் பையிலிருந்து துணியை எடுத்தேன். பதினேழு என்று இருந்தது. அப்போதே எனக்குத் தெரியும். மறந்துபோனேன் என்று சொல்ல முடியாது.

விசாரணையில் அதிகாரி கேட்ட கேள்வி ஒன்றுதான். 'மெக்கானிக் எத்தனை துணியைத் தூக்கிக் காட்டுனான்?'

'நாலு' என்றேன்.

மெக்கானிக் எதிரே நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் சட்டைப்பையைப் பார்த்தார். அது அப்போது தட்டையாக இருந்தது. துணியை மெத்தைக்கடியில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அடுத்த வாரம் பதக்கம் கொடுத்தார்கள். நானே உண்டாக்கிய ஆபத்திலிருந்து நானே தப்பித்ததற்கு.

எரித்திருக்கலாம். திரும்பக் கூட்டிவந்த துணியை எரிக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. அந்தப் பயத்தில்தான் எரிக்கவில்லை. நல்ல எண்ணத்தில் வைத்திருந்தேன் என்று நினைத்துவிடாதே. யாரும் தேடாத இடம் எது என்று பார்த்தேன். உன் தலை கிடைத்தது. எத்தனை நாள் அதைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய் என்று நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

குழுவுக்கு எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். ஒன்றரைப் பக்கம்தான். முதலில் ஏழு பக்கம் வந்தது. கூட்டாளி உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும், இது நடந்ததா, நடந்ததா என்று கேட்டுக்கேட்டு அடித்தாள். மிஞ்சினது இதுதான். துணியையும் சேர்த்துக் கொடுத்துவிடு. கப்பல் கம்பெனிக்கு நகல் வேண்டாம், விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அக்காவுக்குத் தனியாக ஒரு கடிதம் இருக்கிறது. அவள் படிக்கும்போது நீ பக்கத்தில் இரு.

மாமா.

அக்டோபர் 27

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். அம்மாவும் நானும் நலம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்று அம்மா கேட்கிறாள். அவளே கேட்டாள், நான் சொல்லிக் கேட்கவில்லை.

உங்கள் வாக்குமூலம் செப்டம்பர் இருபத்தாறாம் தேதி வந்தது. அன்றே துணியோடு மாடி ஏறினேன். நீங்கள் எனக்கு என்ன உறவு என்று மேலாளரிடம் மட்டும் சொன்னேன். போன வாரம் மெக்கானிக்கின் லைசென்ஸ் ரத்தை நீக்கிவிட்டார்கள். பதக்கத்தைத் திருப்பி அனுப்பும்படி உங்களுக்கு ஓலை வரும். வருவதற்கு முன்பே அம்மா அதைக் கழற்றி உறையில் போட்டுவிட்டாள். ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் அதை மடித்து வைத்துவிட்டு, 'சின்ன வயசுல சட்டியை உடைச்சுட்டு என்னைக் கை காட்டுவான். நானும் பேசாம அடி வாங்கிக்குவேன். அப்பவே இல்லேன்னு சொல்லியிருக்கணும்' என்றாள்.

மெக்கானிக் லைசென்ஸை வாங்க நேரில் வந்தார். ஒல்லியான மனிதர். சலவைக்கூடத்து வெந்நீரில் விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. என் மேஜையில்தான் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவில்லை. அந்தத் துணியைப் பார்க்கலாமா என்று கேட்டார். கோப்போடு என்னிடம் திரும்பி வந்திருந்தது, எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் மூலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

'ஏழு கோணலா இருக்கு. அன்னிக்கு அவசரம்' என்றார்.

துணியை நாலாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கரையோடு கரை சேர்த்து, அத்தனை ஒழுங்காக மடித்தார். எந்தக் கலக்கூடத்தில் முதலில் போய் வேலை கேட்கலாம் என்று விசாரித்துக்கொண்டார். உங்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. துணி யாரிடம் இருந்தது என்றும் கேட்கவில்லை.

நான் உங்கள் அக்கா மகள் என்று அவரிடம் சொல்லவில்லை மாமா. சொல்ல வேண்டும் என்று வாசல்வரை கூடவே போனேன். வெட்கமாக இருந்தது. கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அக்கா மகள்.

நவம்பர் 15

அன்பு மருமகளுக்கு மாமாவின் ஆசி. சாப்பிடுகிறேன் என்று அக்காவிடம் சொல். பிடுங்கின பல்லின் இடத்தில் மட்டும் மெல்ல வரவில்லை. அந்தச் சட்டி விஷயம் உண்மை. மூன்று சட்டிகள்.

நீ சொல்லாமல் விட்டது சரிதான். அந்த வெட்கம் உன்னுடையது இல்லை. என்னுடையதைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போயிருக்கிறாய். முன்னே உன் சடையில் கட்டினேன், இப்போது இது.

அவருக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. படித்துப் பார்த்தால் இரண்டாவது பத்தியிலேயே நான் எவ்வளவு வருந்தினேன் என்று அளக்க ஆரம்பித்திருந்தேன். கூட்டாளி அடிப்பதற்கு முன்னால் நானே கிழித்துவிட்டேன். ஒரு வரியில் எழுதத் தெரிந்தபிறகு அனுப்புகிறேன். அவர் பதில் போட வேண்டியதில்லை. என்னைப் பற்றிக் கேட்காமல் போனாரே, அதுவே பதில்தான்.

ஆலையில் விஷயம் தெரிந்துவிட்டது. பாதி நான் சொன்னேன், மீதி தானாகப் பரவியது. டீக்கடையில் கதை கேட்க இப்போது யாரும் நாற்காலியை இழுத்துப் போடுவதில்லை. கேப்டன் நாற்காலி வேறொருத்தருக்குப் போய்விட்டது. முப்பத்தைந்து வயதாம். பாட்டிலைத் திறக்காமலே கூட்டாளியிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதைக் குழாய் கழுவ வைத்திருக்கிறாள்.

என் தண்ணீர்க் கலத்துக்கு இரண்டு குழாய்தான். இரண்டு துணி. தினமும் எட்டு நடை, பதினாறு தடவை கழற்றி அவள் கையில் கொடுக்கிறேன். அவள் இரண்டையும் தலைக்கு மேலே தூக்குகிறாள். தண்ணீர் லாரிக்கு இதெல்லாம் தேவையா என்று முதலில் சிரித்தாள், இப்போது சிரிப்பதில்லை. கிளம்பும்முன் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டுகிறேன். அதையும் அவள் பார்க்கிறாள்.

சுற்றி நடந்து துணி கழற்ற இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷம் மட்டும் நான் யாரோடும் பேசுவதில்லை.

அக்காவின் முழங்காலைப் பற்றி எழுது.

மாமா.